தரையில் நடந்த முதலைக்குத் தோலும் சதையும் வரைவது எப்படி: மலையகத்தில் இருந்து தொடங்குபவர்களுக்கு

காட்சிக்கு அனுப்பிய என் முதல் படம் ஏழு மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தது. அட்டையின் பின்புறத்தில் யாரோ பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "இந்தக் காது எங்கிருந்து வந்தது?"

படத்தில் இருந்தது பவுருசூக்கஸ். டைனோசோர்கள் வாழ்ந்த கிரெத்தேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் இன்றைய பிரேசிலில் வாழ்ந்து, தரையில் இரை தேடிய முதலை உறவினம். அதற்கு நாயின் காதைப் போல நிமிர்ந்த இரண்டு காதுகளையும், பிடரியில் மயிரையும், கன்னத்தில் தடித்த தசையையும் வைத்திருந்தேன். பார்க்க உயிரோடு இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காது எங்கிருந்தும் வரவில்லை. என் கை பழக்கத்தில் வரைந்துவிட்டது.

ஊகிப்பது குற்றமில்லை. அழிந்த விலங்கின் உதடு, கன்னம், தாடை மடல் போன்ற மென்னிழையங்கள் கல்லாக மாறுவது மிக அரிது. ஆகவே எவர் வரைந்தாலும் பாதி ஊகம்தான். ஒவ்வோர் ஊகத்துக்கும் "எங்கிருந்து வந்தது" என்பதை வரைவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நான் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். இந்த எலும்புகள் உள்ள அருங்காட்சியகம் எதுவும் நமக்குப் பக்கத்தில் இல்லை. ஆனாலும் ஒரு தொலைபேசி, ஒரு போட்டோ கொப்பிக் கடை, ஒரு கோழிக்கடை, கொழும்புக்கு ஒரு பயணம், இவ்வளவும் இருந்தால் போதும். எனக்கு முதல் படத்துக்குப் பதினொரு மாதங்கள் வீணாயின. உங்களுக்குப் பத்து வாரங்கள் போதும்.

1. முழு எலும்புக்கூடு கிடைத்த விலங்கைத் தேர்ந்தெடுங்கள்

தொடங்குபவர்கள் எல்லோருக்கும் காப்ரோசூக்கஸ்மேல் ஆசை வரும். 2009இல் பெயரிடப்பட்ட, நைஜர் நாட்டைச் சேர்ந்த விலங்கு. காட்டுப்பன்றியின் கொம்புப் பற்களைப் போல மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள். ஆனால் அதில் கிடைத்தது ஒரே ஒரு மண்டையோடு. கழுத்துக்குப் பின்னால் நீங்கள் வரையும் ஒவ்வொரு கோடும் கற்பனை. எலும்பே ஊகமாக இருக்கும்போது அதன்மேல் தோலையும் ஊகித்தால், உங்களாலேயே உங்கள் படத்தைச் சரிபார்க்க முடியாது. முதல் படத்துக்கு இது வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது சைமோசூக்கஸ். மடகஸ்காரில் கிடைத்து 2000ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது. ஏறக்குறைய முழு எலும்புக்கூடும் இருக்கிறது. 2010இல் அதன் உடலைப் பகுதி பகுதியாக விவரித்த விரிவான ஆய்வுத் தொகுதியும் வந்துவிட்டது. நீளம் ஏறத்தாழ 75 சென்ரிமீற்றர்தான். ஆகவே பழுப்புக் கடதாசி இரண்டை ஒட்டி, சுவரில் உண்மை அளவிலேயே வரையலாம். இது பெரிய வசதி. சிறிதாக வரையும்போது மறைந்துபோகும் தவறுகள் உண்மை அளவில் மறையாது. மொட்டை மூக்கு, குட்டை வால், இலை தின்றிருக்கலாம் என்று எண்ண வைக்கும் பற்கள். அந்தப் பற்களை ஆய்வாளர்கள் கராம்புக்கு ஒப்பிடுவார்கள். மாத்தளைக் கராம்பு ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு பல்லை வரையுங்கள். எனக்கு எந்தப் புகைப்படத்தையும்விட அதுவே அதிகம் உதவியது.

தரையில் வேட்டையாடிய விலங்குதான் வேண்டுமென்றால் பவுருசூக்கஸ் அல்லது தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவின் செபெகஸ். இரண்டுக்கும் மண்டையோடு உயரமாக, பக்கவாட்டில் ஒடுங்கி இருக்கும்.

2. நான்கு ஆவணங்களைக் கையில் எடுத்த பிறகே பென்சிலைத் தொடுங்கள்

முதலாவது, விலங்குக்குப் பெயர் வைத்த கட்டுரை. இரண்டாவது, எலும்புக்கூட்டை விரிவாக விவரிக்கும் கட்டுரை. மூன்றாவது, மண்டையோட்டின் பக்கவாட்டு, மேல், முன் தோற்றப் படங்கள். ஒவ்வொன்றிலும் அளவுகோல் கட்டாயம் இருக்க வேண்டும். நான்காவது, இன்று வாழும் முதலைகளின் தோலையும் தசையையும் பற்றிய ஒரு கட்டுரை. கடைசியானதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன்.

கட்டணப் பக்கம் வந்து டொலரில் பணம் கேட்டால் கட்டாதீர்கள். பீயர்ஜே, பிளாஸ் வன் போன்ற சஞ்சிகைகளில் எல்லாமே இலவசம். மற்றவற்றுக்கு, கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களுக்கு மகிழ்ச்சி. பழைய கட்டுரையில் அச்சிட்டிருக்கும் முகவரி பெரும்பாலும் செயலிழந்திருக்கும். அவர் இப்போது எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்று தேடி, அந்த முகவரிக்கு எழுதுங்கள். நான் செத்துப்போன முகவரி ஒன்றுக்கு எழுதிவிட்டு ஐந்து வாரங்கள் காத்திருந்தேன்.

கட்டுரையின் ஆண்டைப் பாருங்கள். முதலையின் முகத்தில் தெரியும் ஒழுங்கற்ற கட்டங்கள் உடம்பில் உள்ள செதில்களைப் போல உருவானவை அல்ல என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. தோல் வெடித்து அந்தக் கட்டங்கள் உண்டாகின்றன என்றது. 2024இல் வந்த ஆய்வு, வெடிப்பு அல்ல, அடியிலுள்ள எலும்பைவிடத் தோல் வேகமாக வளர்ந்து மடிவதால்தான் அந்தக் கோடுகள் வருகின்றன என்று திருத்தியது. பழையதை மட்டும் வைத்திருப்பவர் முகத்தில் பிளவுகளை வரைவார். புதியதையும் படித்தவர் மடிப்புகளை வரைவார். நிழல் விழும் விதமே மாறிவிடும்.

எல்லாவற்றையும் அச்சிட வேண்டாம். படங்கள் உள்ள பக்கங்களை மட்டும் அச்செடுங்கள். அச்செடுக்கும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்ற தெரிவை நீக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் நல்லெண்ணத்தில் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார். பிறகு ஒரு மண்டையோட்டின் இரண்டு தோற்றங்கள் இரண்டு அளவில் இருக்கும். அளவுகோலைக் கொண்டு ஒவ்வொரு தாளையும் சரிபார்த்த பிறகே கடையை விட்டு வெளியே வாருங்கள்.

3. அனுமதிக் கடிதங்களை முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்

இணையத்தில் கிடைக்கும் எலும்புக்கூட்டு வரைபடம் பொதுச் சொத்து அல்ல. அளந்து, கணக்கிட்டு ஒருவர் வரைந்தது அது. அதன்மேல் தாளை வைத்துத் தடமெடுத்து, உங்கள் பெயரில் காட்சிக்கு வைக்க முடியாது. என் முதல் படம் நிராகரிக்கப்பட்டதற்குக் காதுக்கு அடுத்த காரணம் இதுதான்.

இலவசச் சஞ்சிகைகளில் உள்ள படங்களுக்குப் பெரும்பாலும் திறந்த உரிமம் இருக்கும். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. விற்கக் கூடாது என்பது இன்னொரு வகை. மாற்றம் செய்து வெளியிடக் கூடாது என்பது மூன்றாவது வகை. பொறி இந்த மூன்றாவதில் இருக்கிறது. எலும்பின் மேல் தோலை வரைவதே மாற்றம் செய்வதுதான். அந்த உரிமம் உள்ள படத்துக்குத் தனியாக அனுமதி கேளுங்கள்.

கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். நீங்கள் யார், எந்தக் கட்டுரையின் எத்தனையாவது படம், எதற்காக, விற்பனை உண்டா இல்லையா. இவ்வளவுதான். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. பதில் வர இரண்டு முதல் ஐந்து வாரங்கள் ஆகும். அதனால்தான் முதல் வாரத்திலேயே அனுப்பச் சொல்கிறேன். வந்த பதிலை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள்.

உங்கள் சொந்தப் படத்துக்கான பதிப்புரிமையை எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் வரைந்த கணத்திலேயே அது உங்களுடையது. பதிவு செய்து தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

4. ஒரு சேவல் தலையில் கண்ணைப் பழக்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு மாலை நேர வேலைதான். செலவும் இல்லை.

கோழிக்கடையில் கொண்டையோடு ஒரு சேவல் தலை கேளுங்கள். பக்கவாட்டில் வைத்து, ஓரங்களைக் கடதாசியில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு மெல்லிய தீயில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். தீ அதிகமானால் எலும்புகள் பிரிந்துவிடும். சதையை நீக்கி, காயவைத்து, அதே பக்கவாட்டில் மண்டையோட்டை வரைந்து, முதல் படத்தோடு பொருத்திப் பாருங்கள்.

கொண்டை இருந்த இடத்தில் எலும்பில்லை. தாடியும் இல்லை. அலகுகூடச் சின்னதாகிவிட்டிருக்கும், ஏனென்றால் நாம் அலகு என்று பார்ப்பது எலும்பின்மேல் போர்த்திய, நகத்தைப் போன்ற கெரட்டின் உறை. வேகவைத்ததும் அது கழன்றுவிடும். மண்டையோட்டை மட்டும் பார்த்தவர் சேவலை எப்படி வரைந்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். எலும்போடு தோலை ஒட்டிவைத்து வரைவது பாதுகாப்பான வழி என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓர் ஊகம்தான். பெரும்பாலும் தவறான ஊகம்.

இதற்குத் தொல்லுயிர்களிலேயே சான்று உண்டு. கனடாவின் அல்பர்ட்டாவில் கிடைத்த எட்மொண்டோசோரஸ் என்ற டைனோசோர் ஒன்றின் தலையில், எலும்பே இல்லாத சதைக் கொண்டை பதிந்திருந்ததை 2013இல் வெளிவந்த ஆய்வு விவரித்தது. அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் அந்த விலங்கை மொட்டைத் தலையோடுதான் வரைந்துகொண்டிருந்தார்கள்.

5. உயிருள்ளவற்றைப் போய்ப் பாருங்கள்

மலையில் முதலை இல்லை. தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஹட்டனில் இருந்து அதிகாலை பஸ்ஸில் புறப்பட்டால் இரவுக்குள் திரும்பிவிடலாம். வார நாளில் போங்கள். விடுமுறை நாளில் வேலியோரம் நின்று வரைய இடம் கிடைக்காது. தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

அங்கே முழு முதலையையும் வரைந்து நேரத்தைப் போக்காதீர்கள். நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். தாடை முடியும் மூலையில் பின்பக்கமாகப் புடைத்திருக்கும் தசை. முதிர்ந்த ஆண்களில் அது மூட்டை போலத் தெரியும். வாலின் அடிப்பகுதி; எலும்புக்கு வெளியே தசையும் கொழுப்பும் எவ்வளவு தடித்திருக்கின்றன என்று கவனியுங்கள். கண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு போலத் தெரியும் காது. அதன்மேல் மூடி போன்ற மடல் இருக்கும். கடைசியாக, அது வயிற்றைத் தூக்கி நடந்தால், கால்கள் உடம்புக்கு அடியில் எப்படி வருகின்றன என்பது. அந்த நடைக்காக நான் மூன்று மணி நேரம் காத்திருந்தேன். ஏழெட்டு அடிதான் நடந்தது. அந்த ஏழெட்டு அடியில் கிடைத்த கிறுக்கல்கள்தாம் என் இரண்டாவது படத்தின் கால்கள்.

இதற்குச் சமமான இன்னொரு பாடம் நம் மலையிலேயே இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மரங்களில் மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று வாழ்கிறது. நக்கிள்ஸ் மலைத்தொடரில் அதன் உறவினம் மூக்கு நுனியில் இலை போன்ற சதை மடலோடு திரிகிறது. இரண்டும் உலகில் வேறெங்கும் இல்லை. அந்தக் கொம்புக்கும் மடலுக்கும் உள்ளே எலும்பில்லை. மண்டையோடு மட்டும் மிஞ்சியிருந்தால் அப்படி ஒன்று இருந்ததென்று எவரும் அறிந்திருக்க முடியாது. கண்ணால் பார்த்து வரையுங்கள், பிடிக்காதீர்கள். வனஜீவராசிகள் சட்டத்தில் இவை பாதுகாக்கப்பட்டவை. எங்காவது முதலை எலும்பு கிடந்தாலும் எடுத்து வராதீர்கள்.

6. ஊகத் தாளை எழுதுங்கள்

வேலையின் நடுப்பகுதி இது. இரண்டு வாரங்கள் கொடுங்கள். ஒரு கொப்பித் தாளை மூன்று நிரல்களாகப் பிரியுங்கள். முதல் நிரலில் உறுப்பு. இரண்டாவதில் நீங்கள் வரையப்போவது. மூன்றாவதில் அது எங்கிருந்து வந்தது. மூன்றாவது நிரலுக்கு மூன்று நிறப் பென்சில்கள் வைத்துக்கொள்ளுங்கள். எலும்பிலேயே அடையாளம் இருந்தால் பச்சை. வாழும் உறவினங்களிடம் இருந்து வந்தால் நீலம். வெறும் ஊகமானால் சிவப்பு.

நீலத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 1995இல் லோரன்ஸ் விட்மர் என்ற ஆய்வாளர் விளக்கிய முறை அது. அழிந்த விலங்குக்கு இரண்டு பக்கத்திலும் வாழும் உறவினங்களை வேலியாக நிறுத்துங்கள். தரை முதலைகளுக்கு ஒரு பக்கம் இன்றைய முதலைகள், மறுபக்கம் பறவைகள். இரண்டிலும் இருக்கும் ஒன்று, அதன் எலும்பு அடையாளமும் உங்கள் விலங்கில் இருந்தால், ஏறக்குறைய உறுதி. ஒன்றில் மட்டும் இருந்தால் வலு குறைவு. இரண்டிலும் இல்லாததை வைக்க விரும்பினால், எலும்பு மிகத் தெளிவாகப் பேச வேண்டும். இல்லையென்றால் சிவப்புப் பென்சிலை எடுங்கள்.

இப்போது உறுப்புகள்.

காது. என்னைத் தோற்கடித்தது இது. வெளிக்காது மடல் முலையூட்டிகளுக்கே உரியது. முதலைக்கு இருப்பது மேலிருந்து மூடும் மடல். அது பொருந்தும் பள்ளம் மண்டையோட்டின் மேல் விளிம்பில் தெரியும். உங்கள் விலங்கின் படத்தில் அந்தப் பள்ளத்தைத் தேடுங்கள். இருந்தால் மூடி மடலைப் பச்சையில் எழுதலாம். நாய்க் காதுக்கு எந்த நிறமும் இல்லை.

உதடு. மிகக் கடினமான கேள்வி. இன்றைய முதலைக்கு உதடு இல்லை, பறவைக்கு அலகு. ஆகவே வேலி முறை இங்கே கைகொடுக்காது. உடும்பு வாயை மூடினால் ஒரு பல்லும் தெரியாது, ஆனால் உடும்பு தூரத்து உறவு. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தாடை ஓரத்தில் நரம்பும் இரத்தக்குழாயும் வெளிவரும் துளைகள். உதடுள்ள பல்லிகளில் அவை பல்வரிசைக்கு மேல் ஒரே வரிசையாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். முதலையில் நிறையத் துளைகள் சிதறிக் கிடக்கும். இரண்டாவது, பல்லின் தேய்மானம். டைரனோசோர் என்ற டைனோசோர் கூட்டத்தின் வகையொன்றின் பல்லையும் இன்று வாழும் முதலை உறவினமான அலிகேட்டரின் பல்லையும் ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வு, வெளியே தெரியும் அலிகேட்டர் பல்லின் வெளிப்புற எனாமல் அதிகம் தேய்கிறது என்று காட்டியது. அந்தத் தேய்மானம் டைரனோசோர் பல்லில் இல்லாததால் அதற்கு உதடு இருந்திருக்கலாம் என்றார்கள். அதை அப்படியே தரை முதலைக்குத் தூக்கி வைத்துவிடாதீர்கள். உங்கள் விலங்கின் துளைகளை நீங்களே எண்ணுங்கள். என் தீர்மானம்: துளைகள் சிதறியிருந்தால் உதடு வேண்டாம். வரிசையாக இருந்தால், அசையாத மெல்லிய தோல் மடிப்பு ஒன்றைச் சிவப்பில் எழுதி வரையலாம்.

கன்னம். நோட்டோசூக்கஸ் என்ற ஆர்ஜன்ரீன விலங்கில் மூக்குத் துவாரம் முன்னோக்கித் திறந்திருப்பதைக் கண்டு, ஹொசே பொனபார்ட்டே என்ற தொல்லுயிர் ஆய்வாளர் பன்றியைப் போன்ற சதை மூக்கு இருந்திருக்கலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் கன்னத்தையும் முன்வைத்தார்கள். இவை படித்தவர்கள் எலும்பைப் பார்த்துச் சொன்ன கருத்துகள், ஆகவே வரையலாம். ஆனால் பன்றியின் மூக்குத் தட்டுக்குள் அதற்கென்றே ஒரு சிறிய எலும்பு உண்டு என்பதை மறக்காதீர்கள். அதைவிடப் பெரிய பொறி முகபாவம். சிரிப்பதும், உறுமும்போது உதட்டைச் சுருட்டுவதும், கன்னம் உப்புவதும் முலையூட்டிகளின் முகத் தசைகள் செய்யும் வேலை. ஊர்வனவற்றுக்கு அந்தத் தசைகள் இல்லை. நீங்கள் வரையும் கன்னம் தோலாக இருக்கலாம், தசையாக இருக்க முடியாது. கோபமான முகத்தை வரையும் ஆசையை விட்டுவிடுங்கள். உடல் நிற்கும் விதத்தில் கோபத்தைக் காட்டலாம்.

மூக்கு நுனியில் புடைப்பு. இதற்கு வாழும் சான்று இருப்பதால் எனக்கு மிகவும் பிடித்த ஊகம் இது. இந்திய கரியால் முதலையின் முதிர்ந்த ஆண்களுக்கு மூக்கு நுனியில் பானை போன்ற சதைப் புடைப்பு இருக்கிறது. அதற்குள் எலும்பில்லை என்றாலும், மூக்குத் துவாரத்தைச் சுற்றிய எலும்புப் பள்ளம் ஆண்களில் பெரிதாகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே அப்படி ஒன்றை வரைய விரும்பினால் முதலில் அந்தப் பள்ளத்தைப் பாருங்கள்.

மேலோடு. இங்கே ஊகத்தைவிட ஆவணம் அதிகம். சைமோசூக்கஸுக்கு முதுகில் மட்டுமல்ல, வயிற்றிலும் வாலிலும் கால்களிலும்கூட எலும்புத் தகடுகள் இருந்தன. வரிசைகளை எண்ணி வரையுங்கள். அந்தத் தகடுகள் தோலுக்கு உள்ளே இருப்பவை. கூரையில் ஓடு அடுக்கியது போல வெளியே வரைவது எல்லோரும் செய்யும் தவறு. மேலே கெரட்டின் போர்வை இருக்கும். சேவலின் அலகை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு முகட்டையும் எலும்பைவிடச் சற்று உயரமாக வரையுங்கள். இந்த உயரம் நீலம், தகடு பச்சை.

மயிர். முதலை வழியில் வந்த எந்த விலங்கிலும் மயிரோ இறகோ கிடைத்ததில்லை. சைமோசூக்கஸ் அடங்கும் கூட்டத்தின் எலும்புத் துண்டுகளை நுண்காட்டியில் ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று அவை குளிர்இரத்த விலங்குகள் என்றே முடிவு செய்தது. குளிரில் இருந்து எழுதுகிற எனக்கு மயிர் வைக்கும் ஆசை நன்றாகவே புரிகிறது. வைக்காதீர்கள்.

வாலும் காலும். தண்ணீரில் வாழும் முதலையின் தட்டையான நீச்சல் வாலையும் விரலிடைச் சவ்வையும் கையோடு கொண்டு வந்துவிடாதீர்கள். கண்ணும் மூக்கும் தலை உச்சியில் இருப்பதும் நீர்வாழ்வுக்குத்தான். தரை விலங்கில் கண் பக்கவாட்டில் இருக்கும்.

நிறம் முழுவதும் சிவப்புப் பென்சில். அதில் சுதந்திரமாக இருங்கள்.

எல்லாவற்றையும் எழுதி முடித்ததும் சிவப்பை எண்ணுங்கள். நிறத்தைத் தவிர்த்து இரண்டு சிவப்புக்கு மேல் ஒரு படத்தில் வைக்க வேண்டாம் என்பது என் கணக்கு. கொண்டை, தொங்குதாடி, மூக்குப் பானை மூன்றையும் ஒரே விலங்கில் வைத்தால் பார்ப்பவர் எதையும் நம்பமாட்டார். ஒன்றைத் தேர்ந்து, அதை நன்றாகச் செய்யுங்கள்.

7. தலையை மட்டும் களிமண்ணில் செய்து பாருங்கள்

ஒரு வாரம் போதும். ஆற்றோரக் களிமண் இலவசம். சைமோசூக்கஸின் மண்டையோட்டைப் பக்கவாட்டுப் படத்தில் இருந்தும் மேல் படத்தில் இருந்தும் அளந்து, கட்டுக்கம்பியில் உருவம் செய்து, முதலில் எலும்பை மட்டும் களிமண்ணில் கட்டுங்கள். அது காய்ந்த பிறகு வேறு நிறக் களிமண்ணால் தாடைத் தசையையும் தோலையும் மேலே பூசுங்கள். வாயை மூட முடிகிறதா என்று அப்போதுதான் தெரியும். நான் வரைந்திருந்த கன்னம் கீழ்த்தாடையைத் திறக்கவே விடாது என்பதைக் களிமண்தான் காட்டியது. ஜன்னலோரம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; நிழலுக்கு உதவும்.

8. மழையைப் பார்த்து வண்ணம் தீட்டுங்கள்

மூன்று வாரங்கள். கோட்டுப் படத்தை எந்த மாதத்திலும் வரையலாம். நீர்வண்ணத்துக்கு மாதம் பார்க்க வேண்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழையில் கடதாசி ஈரத்தை விடாது. வண்ணம் ஊறிப் பரவும், பின்புறத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு ஆண்டின் கடைசி மாதங்களே சிரமம். அந்த மாதங்களில் நிறப் பென்சிலைப் பயன்படுத்துங்கள். படத்தை அடுப்படிப் பரணில் காயவைக்காதீர்கள். என் படம் ஒன்று புகையில் மஞ்சளாகிப் போனது.

9. அனுப்பும் முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள்

ஒருவர் உயிரியல் படித்தவராக இருக்கட்டும். உயர்தர உயிரியல் ஆசிரியர் போதும். அவரிடம் படத்தை மட்டும் கொடுக்காமல் ஊகத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். இன்னொருவர் ஆடு மாடு வளர்ப்பவராக இருந்தால் நல்லது. எங்கள் லயத்தில் மாடு வளர்க்கும் அண்ணன் ஒருவர் என் கோட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தக் காலில் பாரம் இறங்கவில்லையே" என்றார். தோள்பட்டையை ஒன்றரை விரற்கடை பின்னால் நகர்த்தினேன். படம் நின்றது. இந்தப் படிக்கு இரண்டு வாரங்கள் விடுங்கள். அவர்களுக்கும் வேலை உண்டு.

10. எனக்கு ஆன செலவு

இரண்டாவது படத்துக்கு அச்சுப்பிரதிகள் 1,240 ரூபாய், பழுப்புக் கடதாசி 180, பென்சில்களும் வரைதாளும் 2,300, தெஹிவளைப் பயணம் சாப்பாட்டோடு 2,900, குழாய் உறையும் பதிவுத் தபாலும் 650. மொத்தம் 7,270 ரூபாய். முதல் படத்துக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. அதில் பெரும்பகுதி கண்ணாடிச் சட்டத்துக்கு. ஏற்றுக்கொள்ளப்படும் வரை சட்டம் போடாதீர்கள். எந்த இடமாவது படத்தைப் பார்த்து முடிவு சொல்லக் கட்டணம் கேட்டால், நிராகரித்தால் காரணம் எழுதித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். எனக்கு அந்த ஒரு பென்சில் வரியாவது கிடைத்தது. பலருக்கு அதுவும் கிடைப்பதில்லை.

11. அனுப்பும் கட்டு

படம், ஊகத் தாளின் பிரதி, அனுமதிக் கடிதங்களின் பிரதிகள், எந்த எலும்புப் படத்தை எந்தக் கட்டுரையில் இருந்து எடுத்தீர்கள் என்ற அரைப் பக்கக் குறிப்பு. நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். தனித்தனியாக அனுப்பினால் பிரிந்துவிடும். படத்தை உருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே உருட்டினால் மேல்பூச்சு நசுங்கும். மெல்லிய கடதாசியைச் சுற்றி, அதன்மேல் பொலித்தீன் உறை, பிறகு குழாய். தபாலகத்துக்குக் காலையிலேயே போங்கள், மதியத்துக்குப் பிறகு மழை.

ஊகத் தாளின் இன்னொரு பிரதியைப் படத்தின் பின்புறத்திலேயே நான்கு மூலைகளிலும் ஒட்டிவிடுங்கள். என் முதல் படத்தில் அந்தப் பென்சில் வரி இருந்த அதே இடத்தில்தான் இப்போது நான் அதை ஒட்டுகிறேன்.